இடது கையுறைகள்

வலது கையுறைதான் முதலில் கிழியும்.
ஸஜாவில் எங்கள் முகாமில்
ஸ்டோர் கீப்பர் ஒதுக்கிய சாக்கு முழுக்க
ஜோடி இழந்த இடது கைகள்.
அதிலிருந்து பிறந்தவர்கள்தாம் இருவரும்.
சம்பளம் எப்போது என்றால் புக்ரா.
குளிக்கத் தண்ணீர் என்றால் மாஃபி.
அந்த பதில்களையே பெயராக வைத்துவிட்டோம்.

புக்ராவுக்கு மார்க்கர் பேனாவில் மீசை.
மாஃபிக்குத் தண்ணீர் பாட்டில் மூடியில் கண், ஒன்றுதான்.
இன்னொன்று எங்கே என்று கேட்டால்
தன் பெயரைச் சொல்வான்.

வியாழன் இரவு, இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில்
போர்வைதான் திரை.
இரண்டு பேருக்கும் குரல் சேசடிமை,
கை மட்டும் என்னுடையது.
நல்ல இடமாகப் பார்த்து அவனுக்கு இருமல் வந்துவிடும்,
சிமெண்ட் இருமல்.
பின்னால் அவன் இரும
முன்னால் புக்ரா நெஞ்சைப் பிடித்துக்கொள்வான்.
அறுபது பேரும் சிரித்துச் சிரித்துக் கடைசியில்
அதே இருமலை இருமுவார்கள்.

பதினோரு வருடம் கழித்து
துபாய் சேனலிலிருந்து நிவேதன் வந்தார்.
யாரோ போனில் எடுத்த மங்கல் வீடியோ
அவர் மைத்துனன் வரை போயிருக்கிறது.
"இது தங்கம்ண்ணே" என்றார்.
தங்கத்தை உருக்காமல் யார் விட்டார்கள்?

பொம்மைகள் சீனாவிலிருந்து வந்தன,
சிலிகான், இரண்டு கண்ணும் இமைக்கும்.
மாஃபிக்கு இரண்டாவது கண் முளைத்தால்
பாதி சிரிப்பு போச்சே என்றேன்.
குறித்துக்கொண்டார்கள்.
நிகழ்ச்சிக்குப் பணம் போடுவது
ஊருக்குப் பணம் அனுப்பும் கம்பெனி.
ஆகவே சம்பளம் தாமதம் என்ற பேச்சே கூடாது.
புக்ரா இப்போது நம்பிக்கை ஊட்டுகிறான்:
"நாளை என்பது உங்கள் முதலீடு."
மாஃபி கையை ஆட்டி
"கவலை மாஃபி" என்கிறான்.
என் விரல்கள் உள்ளே வழுக்கின.
பழைய கையுறையில் சுண்டுவிரல் ஓட்டை;
எட்டிப் பார்க்கும் நகத்துக்கும் ஒரு வசனம் இருந்தது.

சேசடிமையைக் குற்றம் சொல்ல முடியாது.
இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான், ஏசி பஸ்.
நெஞ்சு தெளிந்துவிட்டது.
"அண்ணே, அந்த இருமல்..."
இருமினான்.
"இன்னும் கொஞ்சம் பழைய மாதிரி."
இருமினான், கூட்டத்தில் தொண்டையைச் செருமும் தாசில்தார் மாதிரி.
பதினாலு டேக்.
காது சிவந்து என்னைப் பார்த்தான்,
நான்தான் எடுத்து ஒளித்துவைத்திருப்பதுபோல.
கடைசியில் சிவகாசிப் பையன் ஒருவன், பலகுரல்,
அச்சு அசலாக இருமித் தந்தான்.
சேசடிமையே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

செக் வாங்கப் போனோம்.
கணக்குப் பிரிவுப் பெண் நிமிர்ந்து
சிரித்த முகமாக "நாளைக்கு வாங்களேன்" என்றாள்.
இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.
அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.
மைக்கையெல்லாம் அதற்குள் சுருட்டிவிட்டார்கள்.

ஒளிபரப்பு அன்று பழைய முகாமுக்குப் போனேன்.
மெஸ்ஸில் டிவி, பருப்பு வாசனை,
தெரிந்த முகம் மூன்றோ நாலோ.
சிரிப்பொலியை உள்ளேயே போட்டிருந்தார்கள்,
யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.
இருமல் வந்தது.
ஒருவன் சத்தத்தைக் குறைத்தான்.

பிறகு விளம்பரம்.
கீறல் விழாத ஹெல்மெட்டில் ஒரு மாடல்
"சம்பளம் வந்த அதே நிமிடம்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம்,
மெஸ்ஸே வெடித்தது. தட்டுகளைத் தட்டினார்கள்.
பின்வரிசையிலிருந்து "புக்ரா!" என்று ஒரு கத்தல்.
பையனுக்கு இருபது இருக்கும்,
எங்கள் கையுறையைப் பார்த்தே இராதவன்.
எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இழுப்பில் சொல்ல வேண்டுமோ
அப்படியே சொன்னான்.

நிகழ்ச்சி மறுபடி தொடங்கியபோது
கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.
நானும் ஸ்கோர் கேட்டேன்.